நாயும் புலியும்: சில புதிர்கள் வேண்டும்

சதுரங்கத்திற் கைதேர்ந்த எம் மாணாக்கன் ஒருவன் நாயும் புலியும் ஆடித் தோற்றான். தோல்வி பெரிதன்று, தோற்ற வகையே எம்மைச் சிந்திக்க வைத்தது. சதுரங்கத்திற் காவலாவது, நம் காயை வெட்டிய காயைத் திருப்பி வெட்டும் ஆற்றல். நாய்க்கோ வெட்டும் உரிமையே இல்லை. புலி பாயும் கோட்டில், நாய்க்கு அப்பாலுள்ள புள்ளியை இன்னொரு நாய் அடைத்து நின்றாலன்றி அது பிழைக்காது. எம் மாணாக்கன் கோட்டை நோக்கானாய், அருகில் துணையிருப்பதே காவலென மயங்கினான்.

முழு ஆட்டங்களையே மீளமீள ஆடுவதால் இம்மயக்கம் எளிதில் நீங்காது. ‘ஒரே நகர்வில் இப்புலியைப் பூட்டுக’ என்பன போன்ற சிறு நிலைகளை நாளொன்றுக்கு இரண்டேனும் விடுவித்தல் வேண்டும். விசுவநாதன் ஆனந்த் சிறுவயதில் மணிலாவில் வாழ்ந்தபோது, தொலைக்காட்சியில் வந்த சதுரங்கப் புதிர்களைத் தாயார் குறித்துவைக்க, மாலையில் இருவருமாக விடுவித்தனர். 2000ஆம் ஆண்டில் அவர் உலக வாகையரானார். பரீட்சைக்கு இஃது உதவுமோ என்பார்க்கு எமது விடை: உதவாது.

சதுரங்கப் புதிர்களுக்கு நூல்கள் பல உள. தமிழகத்தார் ஆடுபுலி என வழங்கும், 3 புலியும் 15 ஆடும் 23 புள்ளிகளிற் பொருதும் இவ்வாட்டத்திற்கு எம் நூலகத்தில் ஒரு தாள்தானும் இல்லை. திண்ணையிற் கரிக்கோடும் மன்னார்க் கடற்கரை மணலில் விரற்கோடும் கீறி, சிப்பியும் புளியங்கொட்டையும் வைத்து ஆடிய பழைய மாணவர், நினைவிலுள்ள சிக்கலான நிலைகளை வரைந்து அனுப்புவாராக. விடையை வேறு தாளில் எழுதுக; எம் மாணாக்கர் விடைப்பக்கத்தையே முதலிற் புரட்டுவர்.