சிறு மின்சாரக் கார்களும் பரீட்சைச் செலவும்

மின்சாரக் கார்களைச் சிறிய அளவில் உற்பத்தி செய்யும் கம்பெனிகளை வருத்துவது பெரிய கம்பெனிகளின் போட்டி மாத்திரமன்று. தங்கள் வண்டி அபாயமற்றது என்று ரூபிப்பதற்காகும் செலவும் அவற்றை வருத்துகிறது. 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, புது மாதிரி வண்டி எதுவும் அங்கீகாரம் பெற்ற பரீட்சை நிலையத்தில் தேறிய பின்னரே விற்பனைக்கு வரலாம். லட்சம் கார் விற்பவருக்கும் நூறு கார் விற்பவருக்கும் பரீட்சை ஒன்றே. சுவரில் மோதி நொறுக்கப்படும் கார்களின் கிரயத்தை முன்னவர் லட்சத்தில் பங்கிடுகிறார். பின்னவர் நூறில் பங்கிட வேண்டியிருக்கிறது.

ஆகையால் சிறியவர்களுக்கு விதிகளைத் தளர்த்திவிடலாமென்று யோசனை கூறுவோர் உண்டு. இந்த யோசனையை நாம் ஆதரிப்பதற்கில்லை. 2001-ம் வருஷத்தில் பெங்களூரில் வெளிவந்த ரேவா மின்சாரக் காரின் சரித்திரத்தை அவர்கள் நினைத்துப் பார்ப்பார்களாக. அது ஜி-விஸ் என்ற பெயருடன் லண்டன் வீதிகளில் ஓடிற்று. கார் என்று கருதப்படாமல் இலேசான நாற்சக்கர வண்டி வகுப்பில் சேர்க்கப்பட்டமையால், கார்களுக்குரிய மோதல் பரீட்சையிலிருந்து அதற்கு விலக்குக் கிடைத்தது. 2007-ல் அங்கு நடத்திய மோதல் சோதனைகளின் முடிவு வெளிவந்ததும், அவ்விலக்கே வண்டிக்குப் பெரும் அபகீர்த்தியாயிற்று. பின்னர் கம்பெனியார் வண்டியைப் பலப்படுத்தினர். எனினும் 2010-ல் கம்பெனி மஹீந்திராவின் வசமாயிற்று.

அபாயம் அயல்நாட்டுக் கதையுமன்று. 2022 மார்ச்சில் நமது வேலூரில், வீட்டில் மின்னேற்றம் செய்யப்பட்டுக்கொண்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றியதில் தந்தையும் மகளும் புகையில் சிக்கி மாண்டனர். இத்தகைய விபத்துக்களுக்குப் பின்னரே பாட்டரி விதிகள் கடுமையாக்கப்பட்டன. ஆனால் அவை அமுலுக்கு வந்த முறை திருப்திகரமானதன்று. 2022 அக்டோபர் 1 முதல் அமுலென்று சில வாரங்களுக்கு முன்னரே அறிவித்து, பிறகு டிசம்பர் 1 என்றும், 2023 மார்ச் 31 என்றும் இரு கட்டங்களாக ஒத்திவைத்தனர். அவகாசமின்றி வரும் விதி பெரியவருக்குச் சிரமம், சிறியவருக்கோ நாசம்.

பரிகாரம் என்னவெனில், அதற்குக் காஞ்சீபுரமே வழிகாட்டுகிறது. பட்டு நெசவாளி தன் வீட்டில் ஜரிகையின் தங்கத்தையும் வெள்ளியையும் சோதிக்கும் கருவியை வைத்திருக்க இயலாது. நெசவாளி ஏழை என்பதற்காக ஜரிகையின் தரத்தைக் குறைத்துக்கொள்ளலாமென்று எவரும் விதிக்கவில்லை. 1971-ல் சர்க்கார் இந்நகரிலேயே தமிழ்நாடு ஜரிகை நிறுவனத்தை ஏற்படுத்தி, தரமான ஜரிகைக்கு வழி செய்தனர். தனி நெசவாளியால் தாங்கவொண்ணாத பாரத்தைப் பொது ஸ்தாபனம் தாங்கிற்று. சேலையின் மதிப்பும் நிலைத்தது, தறியும் நிலைத்தது.

அதே ஜில்லாவில் ஒரகடத்தில் மத்திய சர்க்காருக்குச் சொந்தமான மோட்டார் வண்டிப் பரீட்சை நிலையம் இருக்கிறது. அங்கே பரீட்சைக் கட்டணத்தை விற்பனைக்குத் தக்கவாறு விதித்து, குறைவதைப் பொது நிதியிலிருந்து ஈடு செய்ய வேண்டும். சிறு கம்பெனிகள் பல ஒன்றுகூடி ஒரே அடிச்சட்டத்தையும் பாட்டரியையும் பரீட்சையில் தேறச் செய்து யாவரும் உபயோகிக்க ஊக்கமளிக்க வேண்டும். புது விதிகளைப் போதிய அவகாசத்துடன் அறிவிக்க வேண்டும்.

சிறிய கம்பெனியின் வண்டியில் ஏறுவதால் ஒருவருடைய உயிர் சிறியதாகிவிடாது. ஆதலின் பரீட்சை குறையலாகாது. அதன் பாரமே பகிரப்பட வேண்டும். சர்க்கார் இதைத் தாமதமின்றிச் செய்ய வேண்டுமென்று வற்புறுத்துகிறோம்.