பழுதுபட்ட பின் தொடங்கும் பொழுதுபோக்கு

வளர்ந்தவர்கள் ஆர்.சி. டிரக் ஓட்டுவதைப் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, ‘இந்த வயதில் பொம்மையா?’ என்பதே. இந்தியச் சுங்க அட்டவணையும் ஏறத்தாழ அதே பார்வை கொண்டதுதான். குழந்தைகளின் முச்சக்கர வண்டிகள், பொம்மைகள், புதிர்விளையாட்டுகள் ஆகியவற்றோடு ஓடும் மாதிரி வாகனங்களையும் 9503 என்ற ஒரே தலைப்பின்கீழ் அது வைத்திருக்கிறது. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்ந்தது. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காப்பது நல்ல நோக்கமே. அதில் எனக்குப் பிணக்கில்லை. பொம்மை என்ற சொல்லுக்குள் எது அடங்கும் என்பதில்தான் பிணக்கு. உடைந்ததும் தூக்கி எறியப்படுவது பொம்மை. ஆர்.சி. டிரக்கோ உடைந்த பிறகுதான் தன் வேலையைத் தொடங்குகிறது.

சந்தைத் தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ரிமோட் காரைத் திறந்து பாருங்கள். அலைகளை வாங்கும் சுற்று, வேகத்தைக் கட்டுப்படுத்தும் சுற்று, சக்கரத்தைத் திருப்பும் சுற்று எல்லாம் ஒரே பலகையில் பற்றவைக்கப்பட்டிருக்கும். ஒன்று கெட்டால் எல்லாம் கெட்டது. ஆர்வலர்கள் ஓட்டும் டிரக்கில் ரிசீவர், மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் ஈ.எஸ்.சி., முன்சக்கரங்களைத் திருப்பும் செர்வோ, மோட்டார், பேட்டரி ஆகியவை தனித்தனி உறுப்புகள். ஒன்றைக் கழற்றி, வேறொரு நிறுவனத்தின் உறுப்பை அவ்விடத்தில் பொருத்தலாம். சுவரில் மோதி சஸ்பென்ஷன் கை ஒன்று முறிந்தால், அந்தக் கையை மட்டும் அதன் எண்ணைச் சொல்லி வாங்கலாம்.

இந்த வடிவமைப்பு மரபில் ஜப்பானின் ஷிசுவோகா நகரைச் சேர்ந்த தமியா நிறுவனத்துக்குத் தனியிடம் உண்டு. 1946-இல் மர வணிகமாகத் தொடங்கி, மர மாதிரிகளுக்கும் பின்னர் பிளாஸ்டிக் மாதிரிகளுக்கும் மாறிய அந்நிறுவனம், 1976-இல் போர்ஷே 934 காரோடு ஆர்.சி. உலகுக்குள் வந்தது. 1987-இல் அது வெளியிட்ட கிளாட் பஸ்டர் என்ற பெருஞ்சக்கர டிரக்கில் முன் அச்சுக்கு ஒரு மோட்டார், பின் அச்சுக்கு ஒரு மோட்டார். நான்கு சக்கரங்களும் இழுக்கும், நான்கும் திரும்பும். பெட்டியைத் திறந்தால் வண்டி இராது. பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டியிருக்கும் உறுப்புகளும், திருகுப் பைகளும், பெரும்பாலும் படங்களாலேயே பேசும் ஒரு கையேடும் இருக்கும். வாங்கியவரே கட்டவேண்டும், கட்டியவருக்குக் கழற்றவும் தெரிந்துவிடுகிறது. கிளாட் பஸ்டர் சரியாகத் திரும்பாது என்பது ஆர்வலர் உலகில் ஊரறிந்த செய்தி. அக்குறையைத் தீர்க்கத்தான் செர்வோவை அச்சின் மீதே மாற்றிப் பொருத்தும் வித்தையைப் பலர் கற்றார்கள். குறையில்லாத வண்டியாக வந்திருந்தால் அத்தனை பேர் அதற்குள் கைவைத்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். நல்ல நூல்களுக்கு மறுபதிப்பு வருவதுபோல் பழைய வண்டிகளும் மீண்டும் வருகின்றன: 1984-இல் வெளியான தமியாவின் ஹார்னெட் 2004-இல் மறுபடி விற்பனைக்கு வந்தது.

ஒரு பேட்டரியில் அரைமணி நேரம் ஓட்டினால் அதுவே மிகுதி. அதன்பின் வரும் மாலைப்பொழுது முழுவதும் பராமரிப்புக்குரியது. அறியாதவர்கள் இதைச் சுமை என்பார்கள். எனக்கு இதுவே பொழுதுபோக்கு, ஓட்டம் அதற்கான சாக்கு.

முதலில் பேட்டரியைக் கழற்றவேண்டும். லித்தியம் பாலிமர் செல் ஒன்று முழுமையாக நிரம்புகையில் 4.2 வோல்ட் காட்டும். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும். சில வாரங்கள் எடுத்து வைப்பதானால் ஏறத்தாழ 3.8 வோல்ட்டில் நிறுத்தவேண்டும்: நிரம்பியும் இருக்கக் கூடாது, வற்றியும் இருக்கக் கூடாது. பிறகு தூரிகையால் புழுதியைத் தட்டி, வண்டியைத் தூக்கிவைத்து, சக்கரங்களை ஒவ்வொன்றாகச் சுழற்றிக் காது கொடுக்கவேண்டும். நல்ல பேரிங் சத்தமின்றிச் சுழலும். மணல் புகுந்தது கரகரக்கும். மோட்டாரின் சிறு பற்சக்கரத்துக்கும் அது சுழற்றும் பெரிய பற்சக்கரத்துக்கும் இடையே விடவேண்டிய இடைவெளிக்குத் தனி அளவுகோல் தேவையில்லை. ஒரு தாள் துண்டை நடுவே கொடுத்து, இரண்டையும் நெருக்கி, மோட்டாரின் திருகுகளை முடுக்கி, தாளை உருவிவிட்டால் போதும். நெருக்கம் மிகுந்தால் மோட்டார் சூடாகும், பற்சக்கரங்கள் ஊளையிடும். தளர்ந்தால் பற்கள் மழுங்கும்.

பிளாஸ்டிக்கில் கழற்றிய திருகை மீண்டும் பூட்டுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் அதைப் பின்னோக்கிச் சுழற்றவேண்டும். பழைய மரையில் திருகு விழும் கணத்தில் விரலுக்கு ஒரு சிறு ‘டக்’ தெரியும். அதன்பிறகே முன்னோக்கி முடுக்கவேண்டும். இல்லையேல் திருகு புதிய மரையொன்றை வெட்டும். சில முறை இப்படி நேர்ந்தால் அந்தத் துளை எந்தத் திருகையும் பிடிக்காது. உலோகத்தில் உலோகம் பூட்டும் இடத்தில், அதிர்வில் கழலாதிருக்க, நீலநிறத் திருகுப்பசை ஒரு சொட்டு விடவேண்டும்; சில பிளாஸ்டிக்குகளை அதே பசை வெடிக்கச் செய்யும் என்பதால் அங்கே அதைக் கொண்டுபோகக் கூடாது. மைக்கேல் போலானி பேசிய உள்ளுறை அறிவைப் பற்றிக் கருத்தரங்குகளில் நாம் மணிக்கணக்கில் விவாதிக்கிறோம். அந்த ‘டக்’கை விரலால் உணர்ந்த ஒருவருக்கு அவ்விவாதத்தில் பாதி மிச்சமாகும்.

டிஃபரன்ஷியலில் ஊற்றும் சிலிக்கான் எண்ணெயும் அப்படித்தான். பாய்ம இயக்கவியல் தேர்வில் பாகுநிலைக்கு ஐந்து மதிப்பெண் வாங்கிய மாணவர், எண்ணெயைக் கெட்டியானதாக மாற்றியதும் அதே டிரக் வளைவில் வேறுவிதமாக நடந்துகொள்வதைக் காணும்போதுதான் அச்சொல்லைச் சந்திக்கிறார்.

பேரிங்கைப் பற்றித் தனியே ஒரு சொல். வெளிவிட்டம் 11 மில்லிமீட்டர், உள்விட்டம் 5, தடிமன் 4 என்ற அளவு இவ்வண்டிகளில் மிகப் பரவலானது. ஆர்.சி. கடையில் வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்டால் அது அழகிய உறையில் வரும் உதிரிபாகம். தொழிற்பொருள்கள் விற்கும் கடைக்குப் போய் எம்.ஆர். 115 என்று கேட்டால் அதே அளவுள்ள பேரிங்கைக் கடைக்காரர் தாளில் மடித்துக் கொடுப்பார். வண்டியின் பெயருக்கு அடியில் ஒரு தரநிர்ணயம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டவர் ஒரு நிறுவனத்தின் தயவில் இல்லை. நுகர்பொருள் பண்பாட்டைப் பற்றிய எத்தனையோ கட்டுரைகளைவிட அந்தத் தாள் மடிப்பு எனக்கு அதிகம் சொல்லித்தந்தது.

இப்போது நம் வளாகங்களுக்கு வருவோம். ஆய்வகங்களில் உள்ள கருவிகளில் பல ‘திறந்தால் உத்தரவாதம் செல்லாது’ என்ற ஒட்டுத்தாளோடு நிற்கின்றன. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தின்படி பொறியாளர் வரும்வரை, ஒரு தளர்ந்த இணைப்புக்காகக்கூட ஆய்வு வாரக்கணக்கில் காத்திருக்கும். நான்காண்டுப் பொறியியல் படிப்பை ஒரு கியர்பெட்டியைக்கூடத் திறக்காமல் முடிக்க இயலும். டேவிட் எட்ஜர்டன் 2006-இல் எழுதிய ‘தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்’ என்ற நூல், தொழில்நுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் வரிசையாகப் பாராமல் பயன்பாட்டையும் பராமரிப்பையும் வைத்துப் பார்க்கச் சொன்னது. அதைப் பாடத்திட்டத்தில் வைக்கிறோம்; ஆனால் பராமரிப்பவரை முதன்மைக் கட்டடத்தின் பின்வாசல் வழியே வரச்சொல்கிறோம்.

இதன் வேர் நமக்குத் தெரியாததன்று. கை அழுக்காகும் வேலை இன்னின்னாருக்குரியது என்று பிறப்பால் பிரித்த சமூகம் இது. பற்சக்கர இடைவெளியை ஆய்வு மாணவர் சரிசெய்தால் அது பொழுதுபோக்கு. பள்ளியை விட்டு மெக்கானிக் கடையில் சேர்ந்த இளைஞர் செய்தால் அது வெறும் கூலிவேலை. அவர் காது என் காதைவிடக் கூர்மையானது. சான்றிதழ் என்னிடம் இருக்கிறது. செலவையும் மறைக்க வேண்டியதில்லை. 2023 முதல் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். இறக்குமதியாகும் ஒரு நல்ல டிரக் அதை அப்படியே விழுங்கிவிடும். இவ்விரண்டையும் பேசாமல் ‘கைகளால் சிந்திப்போம்’ என்று உருகும் எழுத்துகள் எனக்கு அலுப்பூட்டுகின்றன.

ஆகவேதான் பொம்மை என்ற பெயர்ப்பலகை சிறிய விஷயமன்று. 2020-ஆம் ஆண்டின் பொம்மைத் தரக்கட்டுப்பாட்டு ஆணை, 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கானவற்றைப் பொம்மை என்று வரையறுக்கிறது. சுங்கத் தலைப்போ வயதைக் கேட்பதில்லை. 2022-இல் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கெனக் குழு அமைத்து, வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளைக் குறித்தது. உரிமை கிடைத்தாலும் அதைப் பயன்படுத்தும் விரல்கள் வேண்டுமே. திறந்து, கழற்றி, மீண்டும் பூட்டப் பழகுவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட பொருளின்மீதுதான் 70 விழுக்காடு வரி விழுகிறது. ஓர் எல்லைக்கோடு வரையலாம்: உதிரிபாகங்கள் தனித்தனியே கிடைக்கும், வாங்குபவரே கட்டவேண்டிய தொகுப்புகளைக் கல்விக்கருவிகளாகக் கருதலாம்.

வரி மாறும்வரை துறைகள் காத்திருக்கத் தேவையில்லை. பொறியியல் துறை ஒவ்வொன்றும் இரண்டு டிரக்குகளை வாங்கி வைக்கட்டும். செய்முறைத் தேர்வன்று அவற்றில் ஒன்றின் பற்சக்கர இடைவெளியைத் தளர்த்தி, இன்னொன்றின் பின்சக்கரப் பேரிங்கில் சிறிது மணல் தூவி, மூடிகளைப் பூட்டிவிடலாம். மாணவர் கேட்டுப் பார்த்து எது எதுவென்று சொல்லி, கழற்றிச் சரிசெய்து, ஒரு திருகுகூட மிஞ்சாமல் பூட்டித் தரவேண்டும். மதிப்பெண் போடும் தேர்வாளர்களில் ஒருவராக அருகிலுள்ள பணிமனையின் மெக்கானிக்கை, பேராசிரியருக்குத் தரும் அதே மதிப்பூதியத்தோடு, அழைக்கவேண்டும்.