கழிப்பறையைப் பூட்டாதீங்க, குழாயைச் சரிபண்ணுங்க!



கோடை வந்துட்டா கடைத்தெருவில் சில இடங்களில் கழிப்பறைக் கதவுக்குப் பூட்டு விழும். "தண்ணீர் பற்றாக்குறை, உபயோகிக்க வேண்டாம்" என்று ஒரு அட்டையும் தொங்கும். கேட்டால், "தண்ணியை மிச்சம் பண்றோம் சார்" என்பார்கள்.

அந்தப் பூட்டுக்கு யார் விலை கொடுக்கிறாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. காலை 9 மணிக்கு ஜவுளிக்கடைக்குள் நுழைந்து இரவு 9 மணிக்கு வெளியே வரும் விற்பனைப் பெண், கழிப்பறைக்குப் போக வழியில்லை என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார். அப்புறம் சிறுநீர்த் தொற்று, வயிற்று வலி, ஆஸ்பத்திரிச் செலவு. கடை மிச்சம் பிடித்த தண்ணீருக்கு அந்தப் பெண்ணின் உடம்பு பில் கட்டுகிறது.

கடைகளில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றம் சட்டம் கொண்டுவந்தது. உட்காரவே சட்டம் போட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது! அந்தத் தொழிலாளிக்குக் கழிப்பறைக் கதவையும் திறந்து வைப்பது நம்ம அடுத்த வேலை.

அதனால் நம் நிலைப்பாட்டை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். கடை, லாட்ஜ், ஓட்டல், கல்யாண மண்டபம், தியேட்டர், அலுவலகம், பேருந்து நிலையம் என எல்லா இடத்துக் கழிப்பறையிலும் தண்ணீர்ச் செலவைக் குறைத்தே ஆகணும். அதைக் குழாயிலும் ஃப்ளஷ் டேங்கிலும் குறைக்கணும். ஆட்களிடம் குறைக்கக் கூடாது.

நம்ம மாவட்டம் இதை ஏன் பேசணும்?

காட்டுமன்னார்கோயில் பக்கத்து வீராணம் ஏரி 10ஆம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் உருவானது. கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாறு வழியாக அதற்குத் தண்ணீர் வருகிறது. சுமார் 45 ஆயிரம் ஏக்கர் அந்த ஏரியை நம்பி இருக்கு. 2004லிருந்து புதிய வீராணம் திட்டத்தில் அதே தண்ணீர் 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் ஓடி சென்னைக்குப் போகிறது. திட்டத்தின் அளவு நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர்.

சென்னை மக்களுக்குத் தண்ணீர் தராதே என்று நாம் ஒருநாளும் சொல்ல மாட்டோம். தாகத்துக்கு மாவட்ட எல்லை கிடையாது. ஆனால் மேட்டூரில் தண்ணீர் குறையும் வருஷம் வீராணத்தை நம்பிய விவசாயி வயலைத் தரிசாகப் போடுகிறார். அவர் பக்கத்திலிருந்து போகும் தண்ணீரைச் சுத்திகரித்து, கரண்ட் செலவு செய்து பம்ப் பண்ணி, கடைசியில் அதில் ஒரு பங்கை ஏதோ ஒரு வணிக வளாகத்தில் தடவைக்கு 10 லிட்டராக ஃப்ளஷ் செய்கிறார்கள் என்றால், அதைக் கேட்கும் உரிமை கடலூர் மாவட்டத்துக்காரனுக்கு உண்டு. கேட்கணும்னா முதலில் நம்ம ஊர்க் கட்டடங்கள் ஒழுங்காக இருக்கணும்.

இங்கே நிலைமை என்ன? நமக்குக் கிழக்கே கடல். கரையோரம் ஆழ்துளைக் கிணற்றில் அளவுக்கு மீறி உறிஞ்சினால் நல்ல தண்ணீர் இருந்த இடத்துக்கு உப்புத் தண்ணீர் வந்துவிடும். வந்த உப்பு லேசில் திரும்பிப் போகாது. மேற்கே நெய்வேலியில், சுரங்கம் வெட்டுவதற்காகவே நிலத்தடி நீரை இரவு பகலாக இறைக்கிறார்கள். இடையில் மாட்டிக்கொண்டிருப்பது நம்ம போர்வெல்.

"கடலூர் வருஷா வருஷம் வெள்ளத்தில் மிதக்குது, இங்கே போய் தண்ணீர்ச் சிக்கனமா?" என்று சிலர் சிரிப்பார்கள். நியாயமான கேள்விதான். நம் மாவட்டம் தமிழ்நாட்டின் வடிகால். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் எல்லாம் நம்மைத் தாண்டித்தான் கடலுக்குப் போகுது. 2015 வெள்ளத்தை யாரும் மறக்கலை. ஆனால் வெள்ளம் சில நாளில் கடலில் சேர்ந்துவிடும். லாட்ஜின் மோட்டாரோ வருஷம் 365 நாளும் ஓடும். ஐப்பசியில் ரோட்டில் ஓடிய வெள்ளத்தை வைத்து சித்திரையில் டேங்கை நிரப்ப முடியாது.

இன்னொரு கேள்வியும் வரும். "விவசாயத்துக்குத்தானே பெரும்பங்கு தண்ணீர் போகுது, கழிப்பறையில் என்ன பெரிசா மிச்சமாகும்?" விவசாயத்தின் பங்கு பெரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் விவசாயியின் தண்ணீர் நெல்லாகத் திரும்பி வருது. ஓட்டை ஃப்ளஷ் டேங்கில் போகும் தண்ணீர் யாருக்கும் எதுவாகவும் திரும்புவதில்லை. அதோடு ஊருக்குள் ஒரு வணிகக் கட்டடம் ஆழமாக போர் போட்டு இழுத்தால், பாதிக்கப்படுவது பின்தெருவில் கைப்பம்பை நம்பியிருக்கும் வீடுதான்.

இப்போ கணக்குக்கு வருவோம்.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு, அலுவலகத்தில் வேலை செய்யும் ஒருவருக்கு நாளுக்கு 45 லிட்டர் என்று கணக்கிடச் சொல்கிறது. அதில் 20 லிட்டர் ஃப்ளஷுக்கு மட்டும். ஏறக்குறைய பாதி!

60 பேர் வேலை செய்யும் ஒரு கடையை எடுத்துக்கோங்க. ஒருவர் நாளுக்கு 3 தடவை போகிறார் என்று வைப்போம். மொத்தம் 180 தடவை. 10 லிட்டர் பிடிக்கும் பழைய டேங்க் என்றால் 1,800 லிட்டர். அதே இடத்தில் 3 லிட்டருக்கு ஒன்று, 6 லிட்டருக்கு ஒன்று என இரண்டு பட்டன் உள்ள டேங்க் இருந்தால், இரண்டு தடவை சின்னது, ஒரு தடவை பெரியது, ஆளுக்கு 12 லிட்டர். மொத்தம் 720 லிட்டர். ஒரு நாளைக்கு 1,080 லிட்டர் மிச்சம். வருஷத்தில் 300 நாள் கடை திறந்தால் 3 லட்சத்து 24 ஆயிரம் லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் லாரியில் 27 லாரித் தண்ணீர்! இது ஊழியர்கள் கணக்கு மட்டும்தான், வாடிக்கையாளர்களைச் சேர்க்கவே இல்லை.

கைகழுவும் குழாய்க்கு வாங்க. சாதாரணக் குழாயை முழுசாகத் திறந்தால் நிமிஷத்துக்கு 10 லிட்டர் சுலபமாகக் கொட்டும். குழாய் முனையில் காற்றைக் கலந்துவிடும் சின்ன வலை ஒன்று இருக்கு, ஏரேட்டர் என்று கடையில் கேட்டால் தருவார்கள். சில நூறு ரூபாய்தான். அதைத் திருகினால் நிமிஷத்துக்கு 3 லிட்டர் போதும், கை சுத்தமாகிடும். கை கழுவுகிறவருக்கு வித்தியாசமே தெரியாது.

ஆண்கள் சிறுநீர் கழிக்கும் இடத்தில் சுவர் ஓரமாக ஓட்டை போட்ட ஒரு பைப் இருக்கும். பழைய தியேட்டர், பஸ் ஸ்டாண்டுகளில் பார்த்திருப்பீங்க. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஒழுகிக்கொண்டே இருக்கும். அதற்குப் பதில் ஆளுக்கு ஒரு கோப்பை, அழுத்தினால் கொஞ்ச நேரம் ஓடித் தானாக நிற்கும் குழாய், இவ்வளவு போதும்.

செலவு குறையும் இன்னொரு இடம் செப்டிக் டேங்க். உள்ளே போகும் தண்ணீர் குறைந்தால் டேங்க் சீக்கிரம் நிரம்பாது, லாரியைக் கூப்பிடுவதும் குறையும். முதலாளிக்கு இதில் நஷ்டம் எங்கே இருக்கு?

மற்ற ஊர்கள் என்ன செய்தார்கள்?

2019 கோடையில் சென்னையில் தண்ணீர் வற்றியபோது ஓ.எம்.ஆர். சாலை ஐ.டி. நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னன. ஓட்டல்கள் சமையலைக் குறைத்தன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. பெங்களூரில் 2024 மார்ச்சில் தட்டுப்பாடு முற்றியதும், வணிகக் கட்டடங்களின் குழாய்களில் ஏரேட்டர் கட்டாயம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது. கழுத்துக்கு வந்த பிறகு போட்ட உத்தரவு அது. சிங்கப்பூர் நெருக்கடிக்குக் காத்திருக்கவில்லை. குழாயும் ஃப்ளஷ் டேங்கும் எவ்வளவு தண்ணீர் செலவழிக்கும் என்று அவற்றின் மேலேயே முத்திரை போட்டுத்தான் விற்கணும் என 2009லேயே கட்டாயமாக்கிவிட்டது.

நமக்கும் முன் அனுபவம் இருக்கு. 2003ல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் ஆனபோது "நடக்கிற காரியமா?" என்றார்கள். நடந்தது. அப்புறம் பராமரிக்காமல் விட்டதால் பல இடத்தில் பைப் மட்டும் சுவரில் தொங்குது. கட்டாயமாக்கினால் மட்டும் போதாது, வருஷா வருஷம் போய்ப் பார்க்க ஆள் வேணும் என்பது அதில் கற்ற பாடம்.

அதனால் கடலூர் மாநகராட்சியிடமும் சிதம்பரம் நகராட்சியிடமும் நம் கோரிக்கைகள் இவை:

1. முதலில் அரசுக் கட்டடங்கள். பேருந்து நிலையம், மாநகராட்சி அலுவலகம், அரசு மருத்துவமனை, கட்டணக் கழிப்பிடங்களில் ஒழுகும் குழாயையும் டேங்கையும் மாற்றுங்கள். தன் வீட்டுக் குழாயை மூடாத நிர்வாகம் கடைக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்க முடியாது.

2. புதிய வணிகக் கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கும்போதே இரட்டைப் பட்டன் ஃப்ளஷ், ஏரேட்டர், தண்ணீர் மீட்டர் மூன்றையும் நிபந்தனையாக்குங்கள்.

3. பழைய கட்டடங்களுக்கு ஒரு வருஷம் அவகாசம் கொடுங்கள். தொழில் உரிமம் புதுப்பிக்கும்போது சரிபாருங்கள். சின்னக் கடைகளுக்குச் சொத்து வரியில் சலுகை கொடுங்கள். டீக்கடைக்காரரையும் பெரிய வணிக வளாகத்தையும் ஒரே தராசில் நிறுத்தாதீர்கள்.

4. பெரிய லாட்ஜ், மண்டபங்களில் குளியலறை, வாஷ்பேசின் தண்ணீரை வடிகட்டித் தனிக் குழாயில் ஃப்ளஷுக்குத் திருப்பச் சொல்லுங்கள். ஆனித் திருமஞ்சனம், ஆருத்ரா தரிசனம் என்றால் சிதம்பரம் நிரம்பி வழியும். முகூர்த்த நாளில் திருவந்திபுரத்தில் கல்யாணங்கள் வரிசை கட்டி நிற்கும். அந்த நாட்களின் தண்ணீர்த் தேவையை நினைத்துத் திட்டம் போடுங்கள்.

5. "தண்ணீர் இல்லை" என்று காரணம் காட்டி ஊழியர் கழிப்பறையைப் பூட்டினால் அபராதம். பெண்கள் கழிப்பறைக்கு இதில் எந்த விலக்கும் கூடாது.

தோழர்களே, கோரிக்கை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். இந்த வாரமே நீங்க செய்யக்கூடிய இரண்டு சோதனைகள் இருக்கு.

ஒன்று, ஃப்ளஷ் டேங்கைத் திறந்து நாலு சொட்டு சொட்டுநீலம் விடுங்க. 20 நிமிஷம் யாரும் ஃப்ளஷ் செய்யக் கூடாது. கீழே கோப்பையில் நீலம் தெரிந்தால் டேங்க் உள்ளுக்குள்ளேயே ஒழுகுது. பெரும்பாலும் ஒரு ரப்பர் வாஷர்தான் பிரச்சினை.

இரண்டு, ஒரு லிட்டர் பாட்டிலைக் குழாயில் பிடிங்க. 6 விநாடியில் நிரம்பினால் நிமிஷத்துக்கு 10 லிட்டர் போகுது. 20 விநாடி ஆனால் 3 லிட்டர், அதுதான் நல்ல குழாய்.

நீங்க வேலை செய்யும் இடத்தில், நம் கட்சி அலுவலகங்களில், தோழர்கள் நடத்தும் கடை, மண்டபங்களில் முதலில் சோதிச்சுப் பாருங்க. நம்ம இடத்தில் ஒழுகினால் நாமதான் முதலில் மாற்றணும். மாற்றிய பிறகு பக்கத்துக் கடைக்காரரிடம் பேசுங்க. அண்ணாச்சி, பாய், முதலாளி என்று முறை வைத்துக் கூப்பிடும் ஊர் நம்ம ஊர். சண்டைக்குப் போகாமல் 27 லாரிக் கணக்கைச் சொல்லுங்க, காது கொடுப்பார். பூட்டிய கழிப்பறையைப் பார்த்தால் மட்டும் சும்மா விடாதீங்க. அங்கே வேலை செய்யும் பெண்ணின் பெயரோ படமோ வெளியே வராமல், கிளைச் செயலாளரிடம் தகவல் கொடுங்க. வேலைக்கு ஆபத்து வராமல் பேசுவது கட்சியின் பொறுப்பு.

உங்க ஊர்ப் பேருந்து நிலையக் கழிப்பறை எப்படி இருக்குன்னு கீழே எழுதுங்க. வார்டு எண்ணையும் சேர்த்துப் போடுங்க. திரட்டி மனுவாக்கி ஆணையர் மேசைக்குக் கொண்டுபோவோம்.

#கழிப்பறையைப்_பூட்டாதே
#குழாயைச்_சரிசெய்
#வீராணம்_நம்_உரிமை_நம்_பொறுப்பு