தோப்புக்கரணமும் தொடைத்தசையும்

பிள்ளையார் சந்நிதியில் போடும் தோப்புக்கரணம் வழிபாடு. உடற்பயிற்சிக் கூடத்தில் போடும் பஸ்கி பயிற்சி. வகுப்பறையில் போடச் சொல்லும் தோப்புக்கரணமோ தண்டனை. மூன்றிலும் கால்கள் செய்யும் வேலை ஏறத்தாழ ஒன்றே. முதலிரண்டின் மீது நமக்கு வழக்கேதும் இல்லை. மூன்றாவதைப் பற்றியே சில சொல்ல விழைகிறோம்; கற்பிக்கும் தொழிலில் இருக்கும் நமக்கு அது கடமையுமாகும்.

தசைக்குத் தள்ளத் தெரியாது; இழுக்க மட்டுமே தெரியும். தொடையின் முன்புறத்தே உள்ள நாற்றலைத் தசை, முழங்காற்சில்லைப் பற்றிக்கொண்டு கீழ்க்கால் எலும்பில் சென்று முடிகிறது. நாம் எழும்போது அது சுருங்கி முழங்காலை நிமிர்த்துகிறது; பிட்டத்தசை இடுப்பை நிமிர்த்துகிறது. இதுவரை எளிதில் விளங்கும்.

உட்காரும்போது நடப்பதே நுட்பமானது. உடலைக் கீழே கொண்டுசெல்வது புவியீர்ப்பாயிற்றே, தசைக்கு அங்கே என்ன வேலை என்று தோன்றலாம். தசை ஓய்ந்துவிட்டால் நாம் தொப்பென்று விழுந்துவிடுவோம். ஆகவே அது இழுத்துப் பிடித்தபடியே சிறிது சிறிதாக நீண்டு கொடுக்கிறது. கிணற்றில் நிறைகுடத்தை இறக்குபவர் கயிற்றைக் கைக்குள் இறுக்கியவாறே நழுவவிடுவதை இதற்கு ஒப்பிடலாம். தசைக்குள் ஆக்டின், மயோசின் என்னும் இருவகை நுண்ணிழைகள் ஒன்றையொன்று ஒட்டி வழுக்குவதாலேயே இயக்கம் நிகழ்கிறது என்பதை 1954ஆம் ஆண்டில் இரு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே எடுத்துரைத்தன. பிடித்தபடியே நீளுகையில் அவ்விழைகள் வலிந்து இழுபடுகின்றன. பழக்கமில்லாத தசையில் நுண்சிதைவுகள் மிகுவது அப்போதுதான். பழனி மலையில் ஏறுகையில் மூச்சு வாங்கும். மறுநாள் தொடை வலிப்பதோ பெரும்பாலும் இறங்கியதனால்.

பழகப் பழகத் தசை இதற்கு ஈடுகொடுக்கும். நல்ல பயிற்சியாளர் எண்ணிக்கையைப் படிப்படியாகக் கூட்டுவது இதனால்தான். வழிபடுபவரும் தம்மால் இயன்றதோடு நிறுத்திக்கொள்கிறார். தண்டனையில் மட்டும் எண்ணிக்கையை முடிவுசெய்வது இன்னொருவரின் கோபம். பழக்கமற்ற ஒரு பிள்ளை நூறு, இருநூறு என்று போட நேர்ந்தால், தசையிழைகள் பெருமளவில் சிதைந்து, அவற்றிலுள்ள மயோகுளோபின் குருதியில் கலந்து சிறுநீரகத்தையே பாதிக்கக்கூடும். கடுமையான தசைவலியோடு சிறுநீர் கருத்துப்போனால் காலம் தாழ்த்தாது மருத்துவரிடம் செல்லவேண்டும்.

'அடிக்கவில்லையே, தோப்புக்கரணம்தானே போடச் சொன்னோம்' என்பது ஆசிரியர் அறைகளில் கேட்கும் சமாதானம். 'உடம்புக்கும் நல்லதுதானே' என்று அதற்கொரு வாலும் உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தன் 17ஆம் பிரிவில், உடல்சார்ந்த தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் ஒருங்கே தடைசெய்கிறது. கையில் பிரம்பில்லை என்பதனால் இச்செயல் நியாயமாகிவிடுமா?

இதில் இன்னோர் இழப்பும் உண்டு. உடற்பயிற்சியை அவமானத்தோடு சேர்த்துக் கற்ற பிள்ளை, பிற்காலத்தில் அதை விரும்பிச் செய்யுமா? முதுமையில் பிறர் கைபற்றாமல் நாற்காலியைவிட்டு எழுவதற்குத் துணைநிற்பது இதே தொடைத்தசைதான். எனவே தோப்புக்கரணத்தைத் தண்டனையிலிருந்து மீட்டு உடற்கல்வி வேளைக்குத் திருப்பித் தருவோம். இறங்குகையில் தொடையில் கைவைத்துப் பார்க்கச் சொல்வோம். எந்தத் தசை இறுகுகிறது, ஏன் இறுகுகிறது என்று விளக்குவோம். ஆசிரியரும் மாணவரோடு சேர்ந்து ஒரு பத்து போடட்டும்.