கிராமத்துக் கதைகளும் நமது லயங்களும்

“கதை படித்தால் சம்பளம் கூடுமா?” என்று சங்கத் தோழர் ஒருவர் நம்மிடம் கேட்டார். பால் நிறுத்து முடிந்த பிறகு, ஆபீஸ் திண்ணையில் நாம் சிறுகதைப் புத்தகம் ஒன்றைப் படித்துக் கொண்டிருந்ததைக் கண்டு எழுந்த கேள்வி அது. கேள்வி நியாயமானதே. கூடாது என்பதுதான் நேரான விடை. ஆயினும் நாம் புத்தகத்தை மூடிவிடவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

தமிழ்நாட்டில் கோவில்பட்டிக்கு அருகே இடைசெவல் என்றொரு சிற்றூர். 1923-ஆம் ஆண்டில் அவ்வூரில் பிறந்த இருவர் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். இருவரும் இளமைத் தோழர்கள். அழகிரிசாமி நமக்கு அந்நியரல்லர். 1950-களில் கோலாலம்பூருக்கு வந்து ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் ஆசிரியப் பணி புரிந்தவர். இந்நாட்டில் எழுதத் தொடங்கிய பலருக்கு வழிகாட்டியவர். 1970-இல் காலமானார். ராஜநாராயணனோ பள்ளிப் படிப்பை முழுதும் முடிக்காத விவசாயி; விவசாயிகள் போராட்டத்தில் கலந்து சிறை சென்றவர். அப்படிப்பட்டவரை 1980-களில் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அமர்த்தியது. 2021-இல் அவர் மறைந்தார்.

அவ்வூர் வாய்க்காலும் தென்னஞ்சோலையும் நிறைந்த ஊரன்று. கரிசல் மண், வானம் பார்த்த பூமி. கிராமக் கதையின் கவர்ச்சி பசுமையில் இருக்கிறது என்று நினைப்பவர் இவர்கள் கதைகளில் ஏமாந்து போவார். இவற்றின் கவர்ச்சி வேறிடத்தில் இருக்கிறது.

அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையைப் பாருங்கள். ஓர் ஏழைத்தாய், மூன்று குழந்தைகள், தீபாவளி நேரம். பணக்கார வீட்டுப் பையனோடு இக்குழந்தைகள் ‘எங்களிடம் அது இருக்கிறது, இது இருக்கிறது’ என்று போட்டி போடுகின்றனர். அவன் வீட்டுக்கு ஜமீன்தார் மாப்பிள்ளை வருகிறார். இவர்கள் வீட்டுக்கோ, உடம்பெல்லாம் சிரங்கு பிடித்த அநாதைச் சிறுவன் ஒருவன் வருகிறான். அந்தத் தாய் அவனுக்கும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, தன் கணவனுக்கென வைத்திருந்த துண்டை உடுத்தச் செய்கிறாள். அச்சிறுவனின் பெயர் ராஜா! ஏழையை இரக்கத்தோடு காட்டுவது எளிது. அவனை இப்படி மரியாதையோடு காட்டுவது அரிது.

ராஜநாராயணனின் ‘கதவு’ இன்னும் நெஞ்சைத் தொடுவது. குழந்தைகள் வீட்டுக் கதவில் ஏறி ஆடி, அதையே பஸ்ஸாக்கி விளையாடுகின்றனர். தகப்பன் பிழைப்புக்காக வெளியூர் போயிருக்கிறான். தீர்வை பாக்கிக்காகத் தலையாரியும் ஆட்களும் வந்து அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போகின்றனர். குழந்தைகள் அதுவும் ஒரு விளையாட்டென்று எண்ணிப் பின்னாலேயே ஊர்வலம் போகின்றனர். பிறகு வாடைக் காற்று திறந்த வாசல் வழியே உள்ளே நுழைகிறது. கைக்குழந்தை இறந்து போகிறது.

இக்கதையில் கொடியவன் என்று ஒருவனும் இல்லை. தலையாரி தன் வேலையைத்தான் செய்தான். இங்கேதான் நமக்குச் சுருக்கென்றது. நாமும் கிராணி வேலை பார்ப்பவர்களன்றோ?

ஒரு சமயம் பால்மரம் வெட்டும் அம்மாள் ஒருவர் மூன்று நாள் பிரட்டுக்கு வரவில்லை. செக்ரோலில் மூன்று கட்டங்களில் குறி போட்டோம். எச்சரிக்கைக் கடிதத்தை டைப் அடித்ததும் நமது கைதான். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு அவர் ஆஸ்பத்திரியிலேயே கிடந்த செய்தி பின்னர்தான் தெரிந்தது. சங்கம் தலையிட்டு அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெறச் செய்தது. ஆனால் கடிதத்தை அடிக்கும் முன்பு லயத்துக்குப் போய் ஒரு வார்த்தை கேட்க நமக்குத் தோன்றவில்லை. ‘கதவு’ கதையைப் படித்த அன்று அந்த அம்மாளின் முகம்தான் நம் கண்முன் நின்றது.

செக்ரோலில் பெயர் இருக்கும், நாள் இருக்கும், பாலின் எடை இருக்கும். அந்த மனிதரின் வீடும், வாசலும், பிள்ளையும் அதில் இரா. அவற்றை எழுதி வைப்பவை இத்தகைய கதைகளே.

தோழர்களே, ரப்பர் மரங்கள் வீழ்த்தப்பட்டுச் செம்பனையாகவும் வீடமைப்பு நிலமாகவும் எத்தனையோ தோட்டங்கள் மாறிவிட்டன. லயங்கள் இடிந்தன, சனங்கள் பட்டணத்து அடுக்கு வீடுகளுக்குப் போய்விட்டனர். ஆயாக் கொட்டகையில் தூளி ஆட்டியவரும், விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு இருட்டில் மரம் வெட்டியவரும் முதுமை அடைந்துவிட்டனர். அவர்கள் கண் மூடுமுன் அவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள், கேட்டதை எழுதுங்கள். அலங்கார நடை வேண்டா. ஒரு மங்கு, ஒரு வாளி, ஒரு கதவு போதும். பள்ளிப்படிப்பு குறைவென்று தயங்கவும் வேண்டா. இடைசெவல் விவசாயியை நினைத்துக் கொள்ளுங்கள்.

சம்பளம் கூட்டுவதற்குச் சங்கம் வேண்டும், அதில் ஐயமில்லை. யாருக்காகச் சம்பளம் கேட்கிறோம் என்பதை மறவாதிருக்க இக்கதைகளும் வேண்டும். கேள்வி கேட்ட தோழரிடம் அந்தப் புத்தகத்தையே கொடுத்திருக்கிறோம். படித்துவிட்டு அவர் என்ன சொல்கிறார் என்று பார்ப்போம்.