சில்லுக்கு ஒரு சாட்சி

மனிதன் சேகரிக்கும் பொருள்களுக்கு ஓர் எல்லையே கிடையாது. தபால் தலை சேர்ப்பவர் உண்டு. தீப்பெட்டிப் படம் சேர்ப்பவர் உண்டு. செல்லாத காசுக்காக நல்ல காசைச் செலவழிப்பவரும் உண்டு. மேனாடுகளில் இவர்களோடு இன்னொரு கூட்டத்தாரும் சேர்ந்திருக்கிறார்கள். பெயர் பெற்ற கிடார் வித்வான்கள் கையில் பிடித்து வாசித்த 'பிக்' என்னும் சில்லுகளைத் தேடிச் சேர்ப்பதே இவர்களுடைய விரதம்.

ஸிதார் வாசிப்பவர் விரலில் மிஸ்ராப் என்ற கம்பி வளையத்தை மாட்டிக் கொள்வதை நேயர்கள் பார்த்திருப்பார்கள். கிடாருக்கு அந்த வேலையைச் செய்வது இந்தச் சில்லு. மூலைகள் மழுங்கிய சிறு முக்கோணம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அடங்கிவிடும். கடையில் வாங்கினால் சொற்பக் காசுதான். ஆனால் ஒரு மகா வித்வானின் விரல் பட்டுவிட்டால் அதுவே ஏலக் கூடத்தில் ஏறி உட்கார்ந்து கொள்கிறது.

முற்காலத்தில் இதை அழுங்காமையின் ஓட்டிலிருந்து அறுத்தெடுத்தார்கள். யானைத் தந்தத்துக்கு மாற்றுத் தேடிய அமெரிக்கர் ஜான் ஹயட் 1870-ம் ஆண்டையொட்டி ஸெல்லுலாயிடைச் செய்து காட்டினார். 1922-ல் லூயிஜி டி ஆண்ட்ரியா என்பவர் நியூயார்க்கில் ஸெல்லுலாயிட் தகட்டை அச்சில் வெட்டிச் சில்லுகள் செய்து விற்கத் தொடங்கினார். யானைக்கென்று பிறந்த பொருள் ஆமைக்கும் உதவியது! ஆயினும் ஆமை முழுதும் தப்பிவிடவில்லை. 1973-ல் வாஷிங்டனில் கையெழுத்தான உடன்படிக்கையின் கீழ்தான், அடுத்த சில ஆண்டுகளில், அதன் ஓட்டைத் தேசம் விட்டுத் தேசம் விற்பது தடுக்கப்பட்டது. ஆகவே ஆமையோட்டுச் சில்லு எத்தனை பெரிய வித்வானுடையதானாலும், அதற்கு வெளிநாட்டில் விலை பேசுவது எளிதன்று.

இனி, இந்தச் சேகரத்தில் உள்ள பெரிய சங்கடத்தைச் சொல்லுவோம். கச்சேரியின்போது வித்வான்கள் சில்லுகளைச் சபையை நோக்கி வீசுவது அங்கே வழக்கம். 'சீப் ட்ரிக்' கோஷ்டியின் ரிக் நீல்ஸன் இவற்றைக் கை நிறைய அள்ளி இறைப்பதில் பேர் போனவர். இவ்வாறு இறைப்பதற்கென்றே வித்வானின் பெயரைப் பொறித்துப் பெருந்தொகையாகச் செய்விப்பதும் உண்டு. அவற்றுள் எது தந்தியைத் தொட்டது, எது பையிலிருந்து நேரே காற்றில் பறந்தது? ஓரம் தேய்ந்திருக்கிறதே என்றால், ஓர் அரத்தை எடுத்து ஐந்து நிமிஷம் தேய்த்தால் யார் வீட்டிலும் அந்தத் தேய்வை உண்டாக்கிவிடலாம். சில்லு வாய் திறந்து பேசுவதில்லை.

இதற்கு நல்ல உதாரணம் 'குவீன்' கோஷ்டியைச் சேர்ந்த பிரயன் மே. தகப்பனாருடன் சேர்ந்து தம் கிடாரைத் தாமே செய்துகொண்டவர் அவர். வான சாஸ்திரத்தில் 2007-ல் டாக்டர் பட்டமும் பெற்றவர். அவர் வாசிப்பது பிளாஸ்டிக் சில்லினால் அல்ல. இங்கிலாந்தின் பழைய ஆறு பென்ஸ் நாணயத்தினால்! அதன் ஓரத்திலுள்ள வரிவரியான வெட்டுக்கள் தந்தியில் உராய்ந்து ஒருவிதக் கரகரப்பான நாதத்தை எழுப்புகின்றன. 1980-ல் அந்த நாணயம் செல்லாக்காசாயிற்று. கடைக்காரர் கைவிட்டதை வித்வான் கைவிடவில்லை.

ஆறாம் ஜார்ஜின் பழைய ஆறு பென்ஸ் நாணயங்களில் 'இந்தியாவின் சக்கரவர்த்தி' என்ற விருதும் லத்தீன் பாஷையில் சுருக்கமாகப் பொறித்திருக்கும். 1949-ம் ஆண்டு நாணயத்திலிருந்து அது மறைந்தது. அது ஏன் மறைந்தது என்று நம் நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. சாம்ராஜ்யம் போன பிறகு அதன் சில்லறை சங்கீதத்துக்காவது பயன்படுவது நல்லதுதானே!

விஷயத்துக்கு வருவோம். ஆறு பென்ஸ் நாணயங்கள் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டவை. பிரயன் மே வாசித்த காசையும் வாசிக்காத காசையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது எதுவென்று சொல்லக்கூடியவர் யார்? ஆகவே, விலை பொருளில் இல்லை, சாட்சியில் இருக்கிறது. "இதை நான் கண்ணால் கண்டேன், கையால் வாங்கினேன்" என்று சொல்லும் மனிதர் இருக்கிறவரையில் அது பொக்கிஷம். அவர் போய்விட்டால் வெறும் சில்லு.

இதை நாம் பரிகாசமாகச் சொல்லவில்லை. பதினெட்டு வயதில், ஆயிரம் பேருக்கு நடுவில் எம்பிப் பிடித்த சில்லை நாற்பது வருஷம் ஒரு தகர டப்பாவில் காப்பாற்றி வைத்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். அவருக்கு அத்தாட்சிப் பத்திரம் வேண்டியதில்லை. டப்பாவைத் திறந்ததும் அந்த ராத்திரி திரும்பி வந்துவிடுகிறது. ஆனால் அவருக்குப் பிறகு பீரோவை ஒழிக்கும் பிள்ளைகளுக்கு அது ஏதோ உடைந்த பொத்தான். குப்பையில் போடுவார்கள், அவர்கள்மேல் குற்றமும் இல்லை.

ஆகையால் இப்படிப்பட்ட அன்பர்களுக்கு நாம் கூறும் யோசனை ஒன்றே. சில்லுடன் ஒரு துண்டுக் காகிதமும் வையுங்கள். எந்த ஊர், எந்தத் தேதி, எந்த மண்டபம், யார் வாசித்தார், எப்படிக் கைக்கு வந்தது என்பதை வீடு திரும்பிய அன்றைக்கே எழுதிவிடுங்கள். நுழைவுச் சீட்டு இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். பத்து வருஷம் கழித்து எழுதினால் ஞாபகம் கொஞ்சம், ஆசை கொஞ்சம் என்று கலந்துவிடும். வியாபாரிகள் பிற்பாடு அச்சிட்டுத் தரும் பத்திரங்களைவிட, அன்றிரவு பென்ஸிலால் கிறுக்கிய நாலு வரி மேலானது.

கடைசியாக இன்னொருவரைப் பற்றியும் சொல்லி முடிக்கிறோம். அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் நகரத்தில் 1923-ல் பிறந்த வெஸ் மான்ட்கோமரி, ஜாஸ் சங்கீதத்தில் தலைசிறந்த கிடார் வித்வான்களில் ஒருவர். அக்கம்பக்கத்தாரின் தூக்கம் கெடக்கூடாது என்றே சில்லை ஒதுக்கிவிட்டு, கட்டைவிரலின் சதையால் மெதுவாக வாசிக்கப் பழகினார் என்பார்கள். அந்த இதமான நாதமே அவருக்குப் புகழைத் தந்தது. 1968-ல் அவர் காலமானார். சேகரிப்பவர்களுக்கு அவர் ஒரு சில்லைக்கூட விட்டுச் செல்லவில்லை. கட்டைவிரலை ஏலம் போடவும் முடியாது. இசைத்தட்டுகள் மட்டும் இருக்கின்றன. டப்பாவைப் பூட்டி வைத்துவிட்டு அவற்றில் ஒன்றை எடுத்துப் போட்டுக் கேளுங்கள். அந்தச் சாட்சியை எந்த அரத்தாலும் பொய்யாகச் செய்ய முடியாது.