இரண்டு பி.ஆர்.



எங்கட வீடுகளில பி.ஆர். எண்டால் நிரந்தர வதிவிட விசாதான். அதே பெயரில் பல்கலைக்கழகத்தில் ஒரு படிப்பும் இருக்கு எண்டு அம்மாமாருக்கு விளங்கப்படுத்துறதே பெரும்பாடு. போன மாதம் மெல்பேர்ணில் எங்கட வாசிப்பு வட்டத்துக்கு வந்த ஒரு தங்கச்சி, அந்த மற்ற பி.ஆர்., அதாவது மக்கள் தொடர்பு, படிக்கப்போறன் எண்டு சொன்னா. "முதலாளிமாருக்குப் பவுடர் பூசுற வேலை" எண்டு ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரிச்சம். நானும்தான். அதுக்குப் பிறகு அவ அண்டைக்கு வாய் திறக்கேல்லை. அந்தச் சிரிப்பு பிழை எண்டு சொல்லத்தான் இதை எழுதுறன்.

சந்தேகப்படக் காரணம் நிறைய இருக்கு. 2014-இல் கன்பரா அரசு, கொந்தளிக்கும் கடலில் ஒரு படகைக் காட்டி, அவுஸ்திரேலியா உங்களுக்கு வீடாகாது என்ற பொருளில் சுவரொட்டி அடித்தது. தமிழிலும் அடித்தது. 2022 மே 21, தேர்தல் நாள். இலங்கையிலிருந்து வந்த படகொன்று மறிக்கப்பட்ட செய்தியை அன்றைக்கே வெளியிடும்படி பிரதமர் மொரிசனின் அலுவலகம் அழுத்தியது. அறிக்கை வெளிவந்ததும், லிபரல் கட்சி அதை இழுபறித் தொகுதி வாக்காளர்களுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பியது. பொருளாதாரம் நொறுங்கின நாட்டைவிட்டு வெளிக்கிட்ட சனம், கடைசி நேர விளம்பரமாகப் போச்சு.

ஆனால் இந்தப் பிரசாரத் தொழிலை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டியவரும் இந்த நாட்டு ஆசிரியர் ஒருவர்தான்: சிட்னியில், நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்பித்த அலெக்ஸ் கேரி. 20ஆம் நூற்றாண்டில் வாக்குரிமை விரிந்தது, கம்பனிகளின் பலமும் வளர்ந்தது; அந்தப் பலத்தை வாக்குரிமையிடமிருந்து காப்பாற்றவே கம்பனிப் பிரசாரம் வளர்ந்தது என்பது அவருடைய வாதம். ஹேர்மனும் சொம்ஸ்கியும் 1988-இல் 'மனுஃபாக்சரிங் கொன்சென்ட்' நூலை அவருடைய நினைவுக்கே சமர்ப்பித்தார்கள்.

அதே நகரத்தில் இன்னொரு ஆசிரியர், சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஜிம் மக்னமாரா. பி.ஆர். துறையில் பல வருடம் வேலை செய்துவிட்டு வகுப்பறைக்கு வந்தவர். அவுஸ்திரேலியா, பிரித்தானியா, அமெரிக்காவில் அரசுத் திணைக்களங்கள், கம்பனிகள், தொண்டு அமைப்புகள் மக்கள் தொடர்புக்கு ஒதுக்கும் வளங்களை ஆராய்ந்து 2016-இல் ஒரு நூல் எழுதினார். சராசரியாக ஏறத்தாழ 80 வீதம் பேசுறதுக்கே போகுது. சில இடங்களில் 95 வீதம். கேட்பதும் ஒரு வேலை, அதற்கும் ஆளும் நேரமும் ஒழுங்கும் வேண்டும் என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொல்வது.

கம்பனியும் கேட்கும்தான், எங்கட கோபத்தை அளந்து அடுத்த விளம்பரத்தைத் திருத்துறதுக்கு. அதனால்தான் மக்னமாராவோட கேரியும் வேணும்: கேட்கிறதுக்கு ஆர் காசு குடுக்கினம், கேட்ட பிறகு என்ன மாறுது?

பிலோயிலாவைப் பாருங்கோ. 2018 மார்ச்சில் பிரியா, நடேசலிங்கம் குடும்பத்தை விடியப்புறம் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தக் குவீன்ஸ்லாந்து ஊர்ச்சனம் நாலு வருடம் விடவில்லை. 'எங்கட அயலவரைத் திருப்பித் தாங்கோ' என்பதுதான் அவர்களின் கதை. 2022 ஜூனில் குடும்பம் ஊர் திரும்பியது. ஓகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது. அது தரமான பி.ஆர். அதன் எல்லையும் தெரிய வேணும்: ஒரு குடும்பம் வந்தது, சட்டம் அப்படியே நிண்டது.

இனி எங்கட கணக்கு. 2023-இல் தற்காலிக விசாக்காரர் சுமார் 19,000 பேருக்கு நிரந்தர விசாவுக்கு வழி திறந்தது. விரைவு விசாரணையில் நிராகரிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோர் வெளியே நிண்டார்கள். 2024-இல் அவர்கள் டொக்லண்ட்ஸில் உள்துறை அலுவலகத்துக்கு முன்னால் இரவுபகலாகக் குந்தியிருந்தபோது, நாங்கள் ஆங்கிலத் துண்டுப்பிரசுரத்தோட போனம். ஒரு அண்ணை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இதில எங்கட விசாவைப் பற்றி எங்க கிடக்கு?" நாலாவது பந்தியில, ஒரு வரி. ஏகாதிபத்தியத்துக்கு மூன்று பந்தி. அந்த மூன்றும் சரிதான். ஆனால் எழுத முன் அவரை ஒருக்காலும் கேட்கேல்லை. மக்னமாரா எங்களை அளந்திருந்தால் 95 வீதத்துக்கு மேல்தான் வந்திருக்கும்.

அடுத்த போராட்டத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமையை ஒதுக்குவம். பதாகை வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம். இரண்டு பேர் குறிப்பெடுக்கட்டும், மற்றவர்கள் தேத்தண்ணி ஊத்தட்டும். விசா இல்லாத ஆக்கள் தமிழில் சொல்லட்டும், துண்டுப்பிரசுரத்தின் முதல் வரி அவர்களுடையதாக இருக்கட்டும். அச்சடிக்க முன் திருப்பி வாசிச்சுக் காட்டுவம்.

அந்தத் தங்கச்சி இதை வாசிச்சால்: படியுங்கோ. அண்டைக்குச் சிரிச்சதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அந்தச் சனிக்கிழமையை எப்படி நடத்துறது எண்டு எங்களுக்கு ஆராவது சொல்லித் தரவேணும்.